தட்டை மீன்களின் வேதனையும் எமது பொறுப்பும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஓர்ஸ் ஹில் வாசிகளுக்கு மீன் அன்றாட உணவாகும். நாக்கு மீன், எருமைநாக்கு என எம்மவர் அழைக்கும் தட்டை மீன்களும் அதில் அடங்கும். குஞ்சுப் பருவத்தில் இவை ஏனைய மீன்களைப் போன்று பக்கத்துக்கு ஒரு கண்ணுடன் நீந்துகின்றன. வளரும்போது ஒரு கண் மறுபக்கத்துக்கு நகர, மணலிலும் சேற்றிலும் ஒருபுறமாகப் படிந்து வாழத் தொடங்குகின்றன.

அவ்வாழ்க்கை முறையே இவற்றுக்கு ஆபத்தாகவும் அமைகின்றது. கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடியில் இலகுவில் அகப்பட்டு, வலையில் திரளும் பாரத்தால் நசுங்குகின்றன. உயிர் தாங்கும் வலிமை மிக்கவையாதலால் நீரை விட்டு வெளியே எடுத்த பின்னரும் உடனே இறப்பதில்லை. ஐஸில் இட்டாலும், குளிர் உடலியக்கத்தை மந்தமாக்குமேயன்றி உணர்வை உடனே போக்குவதில்லை. அசைவின்மையை வேதனையின்மை எனக் கொள்வது தவறாகும்.

ஐரோப்பியப் பண்ணைகளில் டர்பட் எனும் தட்டை மீன் கொல்லப்படும் முறைகளை ஆராய்ந்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, 2009ஆம் ஆண்டு இக்குறையைச் சுட்டிக்காட்டியது. பண்ணை மீன்களை முதலில் உணர்விழக்கச் செய்ய வேண்டும் என உலக விலங்குச் சுகாதார அமைப்பும் பரிந்துரைக்கின்றது. திருகோணமலைக் கடலிலும் கூடுகளில் கொடுவா மீன் வளர்க்கப்படுவதால் இது எமக்குப் புறம்பான விடயமன்று.

இலங்கை 2017ஆம் ஆண்டு கடற்றொழில் சட்டத்தைத் திருத்தி, கடலடி இழுவைமடித் தொழிலைத் தடை செய்தது. கடல்வளத்தையும் சிறு மீனவரின் வாழ்வையும் காக்க எழுந்த அத்தடை, முறையாக அமுலானால் தட்டை மீன்களுக்கும் அரணாகும். ஆனால் பிடிபட்ட மீன் எவ்வாறு இறக்கின்றது என்பது பிடித்தவர் கையிலேயே உள்ளது.

மீனை அறுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இஸ்லாத்தில் இல்லை. எனினும் அச்சலுகை, மீனைத் துடிக்க விடுவதற்கான அனுமதியன்று. வாயில்லா உயிரிடத்து இரக்கம் காட்டுதல் இம்மாவட்டத்தின் எல்லாச் சமயத்தவர்க்கும் பொதுவான அறமாகும். மீனின் தலையில் பலமாக ஒரே அடி அடித்து, உணர்விழந்ததும் செவுளருகே வெட்டி இரத்தம் வடியச் செய்வதற்குச் செலவேதும் இல்லை. இறைச்சியின் தரமும் பேணப்படும். சிறு மீன்கள் நூற்றுக்கணக்கில் ஏறும் வலையில் இது இயலாதெனினும், பெரிய மீன்களுக்கும் பண்ணை மீன்களுக்கும் இயலும். கடற்றொழிலாளர் சங்கங்களும் பண்ணை நடத்துவோரும் அங்கிருந்தே தொடங்கலாம்.