மறதியும் நாய்க்குட்டிகளின் விளையாட்டும்

எமது விடுதிச் சமையற்கட்டின் பின்புறம் நிற்கும் வேப்பமரத்தடியில், சென்ற ஆண்டு ஒரு நாட்டுநாய் ஐந்து குட்டிகளை ஈன்றது. அவை கண்திறந்து, நடைபயின்று, எட்டாம் வாரத்தை அடைந்ததும், வெவ்வேறு இல்லத்தார் வந்து கொண்டுசெல்வதென ஏற்பாடாயிற்று. அதற்கு முந்திய நாள் மாலையில், ஐந்தும் ஒருங்கே விளையாடுவதைப் படம்பிடித்து வைத்தல் வேண்டுமென யாம் உறுதிபூண்டோம். மறுமுறை அவ்வைந்தையும் ஓரிடத்திற் காண்டல் அரிதென்பதை அறிந்தேயிருந்தோம்.

நாய்களின் விளையாட்டைப் படமெடுத்தல் எளிதன்று. ஓடுங் குட்டி தெளிவாகப் பதியவேண்டுமாயின், கருவியின் ஒளிவாயில் வினாடியின் ஆயிரத்திலொரு பங்களவே திறந்து மூடுதல் நலம். எப்பொழுது அழுத்துவது என்பதோ அதனினும் நுட்பமானது. ஒரு குட்டி முன்னங்கால்களை நிலத்தில் நீட்டி, மார்பைத் தாழ்த்தி, பின்புறத்தை உயர்த்தி நிற்குமாயின், அது விளையாட்டிற்கு அழைப்பாகும். மார்க் பெக்காஃப் என்னும் அமெரிக்க விலங்கியலார் 1995இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தலையை உலுக்கிக் கடிக்கும் கடிக்குச் சற்று முன்னும் பின்னும் இவ்வணக்கம் மிகுதியாக நிகழ்தலைக் காட்டினார். 'இக்கடி பகையன்று' என மற்றதற்கு உணர்த்தும் குறிப்பு அதுவென்பது அவர் கருத்து. ஆதலின், வணக்கத்தைக் கண்டு காத்திருப்பார்க்கு அடுத்த பாய்ச்சல் அகப்படும்.

இவ்வளவும் கற்றே சென்றோம். வணக்கமும் கண்டோம், பாய்ச்சலும் கண்டோம். எமது கருவி அரைமணி நேரம் இடையறாது ஒலித்தது. பின்னர்த் திறந்து பார்த்தபோதே, உள்ளே நினைவட்டை இல்லையென்பது புலனாயிற்று. நினைவின் பெயர் பூண்ட பொருளையே மறந்திருந்தோம்! அட்டையின்றியும் ஒலிக்குமாறு சில கருவிகளை அமைத்துவைக்கலாம். எமது கருவி அவ்வாறு அமைந்திருந்ததென்பதையும் அன்றே அறிந்தோம். அறைக்கு ஓடி மீள்வதற்குள் இருட்டிவிட்டது.

மறதி ஒருவகைத்தன்று. முன்பு கற்றது இன்று நினைவிற்கு வாராமை ஒன்று. எபிங்கவுஸ் என்னும் ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ்செய்து இதனை அளந்து, 1885இல் நூலாக வெளியிட்டார். செய்யவேண்டியதை உரிய வேளையிற் செய்ய நினையாமை மற்றொன்று. எமக்கு நேர்ந்தது பிந்தியதே. அட்டை எங்குளதென எவரேனும் வினவியிருப்பின் நொடியில் விடை பகர்ந்திருப்போம், வினவுவார்தாம் இல்லை.

ஒரு செயலின் முதன்மை நோக்கம் நிறைவேறியபின், எஞ்சி நிற்குஞ் சிறு படியைக் கைவிடும் பிழையை மைக்கேல் பைர்ன், சூசன் போவேர் என்னும் இருவர் ஆராய்ந்து 1997இல் எழுதினர். நகல் கிடைத்தவுடன் மூலத்தாளை இயந்திரத்திலேயே விட்டுவருதல் இவ்வகையது. முந்திய இரவு யாம் பழைய படங்களைக் கணினிக்கு மாற்றினோம். மாற்றம் முடிந்ததும் வேலையும் முடிந்ததென உள்ளம் கொண்டது. அட்டையை மீளக் கருவியிலிடுதல் ஆதரவற்று நின்றது. நோக்கம் உள்ளத்தில் நிலவும்வரை அதன் படிகள் நினைவிற்கு வரும். நோக்கம் அகன்றபின் எஞ்சியதைத் தூண்டுவது யாதுமில்லை. உள்ளம் வேறு சுமையுந் தாங்கியிருப்பின் இப்பிழை மிகுமென்றும் அவ்விருவர் கண்டனர். எமக்கு அன்று தேர்வுச் சுமை இருந்தது. இதனைச் சமாதானமாகக் கூறினோமல்லோம்.

இத்தகைய பிழை 'கவனமாயிரு' என்னும் எச்சரிக்கையால் நீங்குவதரிது. பொருளின் அமைப்பை மாற்றினாற் குறையும். வங்கிப் பண இயந்திரங்கள் பல, அட்டையை எடுத்துக்கொண்ட பின்னரே பணத்தை நீட்டுகின்றன. யாமும் இப்பொழுது அட்டையை எடுத்தால், கருவியின் சிறுகதவைத் திறந்தபடியே வைக்கிறோம். மூடவருங் கை வெறுமையைக் காணும்.

மறுநாட் காலையிற் குட்டிகள் ஐந்தும் ஐந்து திசையிற் சென்றன. தாய்நாய் இருநாள் வேப்பமரத்தடியை முகர்ந்து திரிந்தது. உடன்வந்த நண்பர் அம்மாலையின் மங்கிய ஒளியிற் கைப்பேசியால் எடுத்த படம் ஒன்று எம்மிடம் உள்ளது. அதில் ஒரு வாலும், சிறிது புழுதியும், மரத்தின் அடியும் தெரிகின்றன.