அட்லஸ் (பெயர்)

அட்லஸ் என்பது கிரேக்கத் தொன்மவியலில் வானத்தைத் தாங்கி நிற்கும் டைட்டன் ஒருவனின் பெயர். நிலப்படத் தொகுப்பு நூல், கழுத்தின் முதல் முள்ளெலும்பு, வடமேற்கு ஆப்பிரிக்க மலைத்தொடர், அட்லாண்டிக் பெருங்கடல் ஆகியவற்றின் பெயர்கள் இதனோடு தொடர்புடையவை. அட்லஸ் பூமியைச் சுமப்பவன் என்று பலரும் எழுதுகின்றனர். பொது அறிவு வினாக்களில்கூட அவ்வாறு இடம்பெறுவதுண்டு. பழைய கிரேக்கக் கதைப்படி அது பிழை. அவன் சுமப்பது வானத்தை.

பெயர்ப்பொருள்

'தாங்கு', 'பொறுத்துக்கொள்' எனப் பொருள்படும் கிரேக்க வேர்ச்சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பது வழக்கமான விளக்கம். தராசைக் குறிக்கும் வடமொழிச் சொல்லான 'துலா'வும் இதே மூலத்தைச் சேர்ந்தது. துலாக்கோல், துலாம் இராசி என்று தமிழில் வழங்குவது அச்சொல்லே. கிரேக்க மொழிக்கு முந்தைய ஏதோ ஒரு மொழியின் பெயர் இது என்று கருதும் அறிஞர்களும் உள்ளனர்.

தொன்மக் கதை

அட்லஸ், இயாபெட்டசின் மகன். மனிதருக்கு நெருப்பைக் கொடுத்த புரோமீத்தியசின் உடன்பிறந்தவன். உலகின் மேற்கு விளிம்பில் நின்று தலையாலும் கைகளாலும் வானத்தைத் தாங்கும்படி ஜீயஸ் அவனுக்கு விதித்தார் என்று ஹெசியட் 'தியோகொனி'யில் கூறுகிறார். டைட்டன்கள் போரில் தோற்றதற்கான தண்டனை இது என்று பிற்கால நூல்கள் விளக்குகின்றன. ஹோமரின் 'ஒடிசி'யிலோ, வானையும் மண்ணையும் பிரித்து நிறுத்தும் தூண்கள் அவன் பொறுப்பில் உள்ளன.

பொன் ஆப்பிள்களைத் தேடி வந்த ஹெராக்ளிஸ், அட்லசை அனுப்பிவிட்டுத் தானே சற்று நேரம் வானத்தைச் சுமந்தான். கனிகளுடன் திரும்பிய அட்லசுக்குச் சுமையை மீண்டும் ஏற்க மனமில்லை. "தலைக்குச் சும்மாடு வைத்துக்கொள்ளும் வரை பிடித்திரு" என்று சொல்லி ஹெராக்ளிஸ் அவனிடமே வானத்தை மாற்றிவிட்டான். ஒலிம்பியாவில் உள்ள ஜீயஸ் கோவிலின் கி.மு. 5ஆம் நூற்றாண்டுச் சிற்பம் ஒன்றில், ஹெராக்ளிசின் தோளில் அந்தச் சும்மாட்டைக் காணலாம்.

பிளையடிஸ் எனப்படும் ஏழு சகோதரியரும் அட்லசின் மகள்கள். அவர்கள் பெயரால் கிரேக்கர் அழைத்த விண்மீன் கூட்டமே நமது கார்த்திகை.

பூமி என்ற குழப்பம்

நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள 'பார்னீசு அட்லஸ்' என்னும் உரோமானியப் பளிங்குச் சிலை தோளில் ஓர் உருண்டையைச் சுமக்கிறது. எட்டி நின்று பார்ப்பவருக்கு அது பூமி உருண்டையாகவே தோன்றும். அருகில் சென்றால் அதில் செதுக்கியிருப்பவை நாடுகள் அல்ல, விண்மீன் குழுக்களின் உருவங்கள் என்பது தெரியும். நியூயார்க் ராக்பெல்லர் மையத்தில் 1937இல் நிறுவப்பட்ட வெண்கல அட்லசும் வான் வளையங்களையே தாங்குகிறது.

நிலப்பட நூல்

கெரார்டு மெர்காட்டரின் நிலப்படத் தொகுப்பு, அவர் இறந்த மறு ஆண்டான 1595இல் 'அட்லஸ்' என்ற தலைப்புடன் வெளியானது. மெர்காட்டர் மனத்தில் வைத்திருந்தது தண்டனை பெற்ற டைட்டனை அன்று. வானியலில் வல்லவராகவும் முதன்முதலில் வானக் கோளத்தைச் செய்தவராகவும் சொல்லப்பட்ட மௌரித்தானியா அரசர் அட்லசையே அவர் போற்றினார். அந்த மௌரித்தானியா இன்றைய மொரோக்கோ, அல்ஜீரியப் பகுதி. இன்று அப்பெயர் கொண்ட நாடு வேறு. ஆப்ரகாம் ஒர்டேலியசு 1570இலேயே இத்தகைய தொகுப்பை வெளியிட்டிருந்தார். ஆயினும் நூல் வகைக்கு நிலைத்த பெயர் மெர்காட்டர் இட்டதே.

பிற பயன்பாடுகள்

தலையோட்டைத் தாங்கும் முதல் கழுத்தெலும்பு வளையம் போன்றது. 'ஆம்' என்று தலையசைப்பது பெரும்பாலும் தலையோடும் இவ்வெலும்பும் சேரும் மூட்டில்தான். கட்டடக்கலையில், தூணுக்குப் பதிலாக மேற்கூரையைத் தாங்கும் ஆண் சிற்பங்கள் 'அட்லாண்டிஸ்' எனப்படும். 1980இல் வாயேஜர் 1 எடுத்த படங்களில் கண்டறியப்பட்ட சனியின் சிறு நிலவு ஒன்றும் அட்லசே. அதன் ஏ வளையத்தின் வெளிவிளிம்பை ஒட்டிச் சுற்றும் அந்நிலவு, வளையங்களைத் தோளில் தாங்குவதுபோல் இருப்பதாகக் கருதி இப்பெயரை வைத்தனர்.