கோப்பித்தூளும் அரிதட்டும்

இலங்கையின் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்கள், 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைத்துரு நோயினால் படிப்படியாக அழிந்து, தேயிலைக்கு இடங்கொடுத்தன. ஆயினும் கோப்பி அருந்தும் வழக்கம் யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு நீங்கவில்லை. கொட்டையை மல்லி, வேர்க்கொம்பு முதலியவற்றுடன் வறுத்து, உரலில் இடித்து, அரிதட்டில் அரித்தெடுக்கும் தூளுக்கு அங்கே தனி மதிப்பு உண்டு.

அந்தத் தூள் கடல் கடந்தும் செல்கின்றது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பிள்ளைகளுக்கு, மிளகாய்த்தூளுடன் கோப்பித்தூளும் பொதியாகப் போகின்றது. அங்கே அதனை வடிதாளில் இட்டு வெந்நீர் வார்த்தால், நீர் இறங்காது தேங்கி நிற்கின்றது. சொட்டுச் சொட்டாக இறங்கும் சாறோ கைக்கின்றது. 'ஊர்க் கோப்பி முன்போல் இல்லை' என்ற குறை எழுகின்றது. வெயிலில் நின்று வறுத்து இடித்த தாய்க்கு இச்சொல் எத்துணை வருத்தந்தரும்! உண்மையில் பிழை கொட்டையிலும் இல்லை, கையிலும் இல்லை. தூளின் பருமன் பாத்திரத்துக்குப் பொருந்தாமையே காரணம்.

ஒரு கொட்டையை எத்துணை நுண்மையாக இடிக்கின்றோமோ, அத்துணைக்கு நீர் தொடும் பரப்பு மிகும். சாறும் விரைந்து இறங்கும். முதலில் இறங்குவன புளிப்பும் மணமும், பின்னர் இனிமை, நேரம் நீண்டால் கைப்பு. ஆதலின் நீர் தூளோடு நிற்கும் நேரம் குறுகியதாயின் தூள் நுண்மையாகவும், நீண்டதாயின் பருமனாகவும் இருத்தல் வேண்டும். விதி இவ்வளவே.

துருக்கியர் மாவுபோன்ற தூளைச் சிறு பாத்திரத்தில் இட்டு, நுரை பொங்கியதும் இறக்கிவிடுவர். இத்தாலிய எஸ்பிரெசோ இயந்திரம், வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 9 மடங்கு அழுத்தத்தில், 25 முதல் 30 விநாடிக்குள் சாற்றை இறக்கும். அதற்கும் நுண்தூளே ஏற்றது. தமிழகத்தார் கையாளும் வடிகட்டியில் நீர் தன் பாரத்தாலேயே இறங்குவதால், நுண்ணிய ரவைபோன்ற தூள் வேண்டும். வடிதாளுக்கு அதனினும் சற்றுப் பருமன் தகும். தூளை 4 நிமிடம் ஊறவிட்டு அழுத்தும் பிரெஞ்சுக் குவளைக்குக் குறுணல் போன்ற தூளே பொருந்தும்.

யாழ்ப்பாணத்து முறையோ வேறு. தூளில் கொதிநீர் வார்த்து, சிறிது நேரம் மூடிவைத்து, மண்டி அடங்கியதும் தெளிவை வடித்தெடுப்பர். இதற்கு அரித்த நுண்தூள் முற்றும் ஏற்றது.

உலக்கை ஒரே அளவாக இடிப்பதில்லை. மாவும் கப்பியும் கலந்தே வரும். இரண்டையும் சேர்த்து ஊறவிட்டால், மாவு கைக்கும்போது கப்பி புளிப்பளவிலேயே நிற்கும். இக்கலப்பைப் பிரிப்பதே அரிதட்டின் பணி.

எனவே கடல் கடந்த பிள்ளைக்குக் கோப்பி அனுப்பும் தாய், அங்கே எப்பாத்திரம் உண்டு என்று முதலில் கேட்டறிதல் நன்று. ஊறவைக்கும் குவளையாயின், மீண்டும் இடிக்காது கப்பியைத் தனியே பொதியலாம். அரைக்கும் கருவி உண்டெனின், வறுத்த முழுக்கொட்டையை அனுப்புதல் மேல். மணம் நெடுநாள் நிற்கும். நுண்தூளே கைவசம் உள்ளோர், வடிதாளை விடுத்து, தாய் செய்தவாறே கொதிநீர் வார்த்துத் துணியில் வடிப்பாராயின், ஊர்க் கோப்பி முன்போலவே இருப்பதை உணர்வர்.