கல்முனைக் கரையோரத்தில் வீட்டுக் காணித் தட்டுப்பாடு

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்கள் கிழக்கே கடலுக்கும் மேற்கே வயலுக்கும் இடையில் நெருக்கமாக அமைந்துள்ளன. இங்கு காணி விலை உயர்வதற்கான காரணங்கள் வருமாறு:

1. வயலை நிரப்பி வீடு கட்டுவதற்கு, 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி எழுத்து மூல அனுமதி தேவை.

2. 2004 டிசெம்பர் 26 சுனாமியின் பின்னர், கடலோரத்தில் வீடு கட்டுவது கட்டுப்படுத்தப்பட்டது.

3. மகளுக்குச் சீதனமாக வீடு கொடுக்கும் வழக்கத்தால் காணி தலைமுறைதோறும் துண்டாகின்றது. 160 பேர்ச் கொண்ட ஓர் ஏக்கரில் 10 பேர்ச் வீதம் 16 துண்டுகளே கிடைக்கும். பாதை விட்டால் அதுவும் குறையும்.

விளைவு: மூன்று மகள்மாருள்ள ஆசிரியரோ எழுதுவினைஞரோ மாதச் சம்பளத்தில் மூன்று வீடு கட்ட முடியாது. கடன், நகை அடகு, மத்திய கிழக்குப் பயணம் என்பன தொடர்கின்றன.

தீர்வு: மாடி வீடுகள் ஓரளவு உதவும். எனினும் காணியைப் பெருக்க முடியாது, வழக்கத்தை மாற்றலாம்.