மாத்திரைக்கு முன் கேள்வி

முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். சிட்னியில் 1,172 புதிய நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வில், ஆபத்தான காரணம் இருந்தது 11 பேருக்குத்தான். அதிலும் 8 பேருக்கு எலும்பு முறிவு. இந்தக் கணக்கை அப்படியே கொல்கத்தாவுக்குப் பொருத்த முடியாது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் இருக்கிறார்கள். எலும்பைத் தாக்கும் காசநோயில் சுமார் பாதி முதுகெலும்பில்தான் வருகிறது. இருமலே இல்லாமலும் அது வரும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை வலியை மட்டும் மறைக்கும், உள்ளே நோய் எலும்பை அரித்துக்கொண்டே போகும்.

அதனால் மருந்துச்சீட்டு எழுதுமுன் சில கேள்விகள் வேண்டும். முன்பு புற்றுநோய் இருந்ததா? எடை குறைகிறதா, மாலையில் காய்ச்சல் வருகிறதா, படுத்தாலும் வலி விடவில்லையா? வீட்டில் யாருக்காவது காசநோய் உண்டா? நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவரா, வயதானவர் கீழே விழுந்தாரா? கால் வலுவிழக்கிறதா? எல்லாவற்றையும்விட அவசரமானது, உட்காரும் இடம் மரத்துப்போவதும் சிறுநீர் பிரியாமல் நிற்பதும். முதுகெலும்பின் அடிப்பகுதி நரம்புக்கற்றை நசுங்குவதன் அறிகுறி அது. அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தாமதித்தால் சிறுநீர்ப்பை நிரந்தரமாகச் செயலிழக்கக்கூடும். நெரிசலான வெளிநோயாளிப் பிரிவில், அடுத்தவர் காதுபட, இதைத் தானாகச் சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? மருத்துவர்தான் கேட்க வேண்டும்.

வரிசையில் நிற்கும் கூட்டத்துக்கு இது ஆகாது என்பார்கள். ஆனால் இந்தக் கேள்விகளுக்கு இரண்டு நிமிடம் போதும். இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: அதே சிட்னி ஆய்வில் சுமார் 80 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓர் எச்சரிக்கை அறிகுறி இருந்தது, எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்க முடியுமா? முடியாது, தேவையும் இல்லை. ஐம்பதைக் கடந்த வயது மட்டும் பெரிதாக எதையும் சொல்லாது. அதோடு பழைய புற்றுநோயும் எடைக்குறைவும் சேர்ந்தால் நிலைமை வேறு. அப்படிச் சேர்த்துப் பார்க்க, முதலில் கேட்டிருக்க வேண்டும்.

சட்டம் பின்னால் வந்து காக்கும் என்று இருந்துவிடவும் முடியாது. 1992இல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட தொழிலாளி ஒருவரைக் கொல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. பஸ்சிம் பங்க கேத் மஜ்தூர் சமிதி என்ற தொழிலாளர் அமைப்பு தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் இதை வாழ்வுரிமை மீறல் என்று தீர்ப்பளித்து 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. அவசர சிகிச்சை கேட்க அந்தத் தீர்ப்பு இன்றும் துணை. தனியாரிடம் கட்டணம் செலுத்தியவர் 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். மருத்துவரின் கவனக்குறைவு பற்றி மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனையோ 1995 தீர்ப்பின்படி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. பெயரளவு பதிவுக் கட்டணம் செலுத்தியிருந்தாலும் அப்படித்தான். அரசு மருத்துவமனையில் 2 ரூபாய் டிக்கெட்டோடு நிற்பவருக்கு, இழப்பீடு கேட்க எஞ்சுவது நீதிமன்றப் படிகள். ஆகவே அறிகுறிகளை நீங்களே சொல்லுங்கள். சொன்னதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். உள்நோயாளியாக இருந்திருந்தால், கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேட்டின் நகல் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி.