கோழி கற்றுத்தந்த ஆமை ரத்தம்

ஓர் ஆமை, ஒரு கோழி, ஓர் ஓணான். இந்த மூன்றில் நெருங்கிய சொந்தக்காரர்கள் யார் என்று கேட்டால் ஆமையையும் ஓணானையும்தான் எல்லோரும் காட்டுவார்கள். மரபணுக்கள் வேறு கணக்குச் சொல்கின்றன. 2012, 2013 ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்த ஆய்வுகள், ஆமைக்கு ஓணானைவிடக் கோழியும் முதலையுமே கிட்டத்து உறவு என்று காட்டின. சீனாவின் மென்னோட்டு ஆமை, கடலில் வாழும் பேராமை ஆகிய இரண்டின் முழு மரபுத்தொகுதியையும் 2013இல் படித்தவர்கள், சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆமைகளின் கிளை, பறவையும் முதலையும் வந்த கிளையிலிருந்து பிரிந்தது என்று கணித்தார்கள்.

இந்த உறவைப் பற்றி எழுத நாமக்கல் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்னால், அடிவாரத்தில் இருக்கிறது காளப்பநாயக்கன்பட்டி. மலைநீர் வந்து தங்கும் ஏரியும் குட்டையும் வயல் கிணறும் உள்ள இப்படிப்பட்ட அடிவாரங்கள் நன்னீர் ஆமைகளுக்கு ஏற்றவை. தமிழ்நாட்டில் பரவலாக வாழ்பவை இரண்டு. ஒன்று பாலாமை. அதன் முதுகு தோல் போர்த்தி வழவழவென்று இருக்கும். அடிப்பக்கத்தில் பின்கால்களை உள்ளே இழுத்து மூடிக்கொள்ள இரண்டு மடல்கள். மற்றது கருப்பு ஆமை, காரையாமை என்றும் சொல்வார்கள். கெட்டி ஓடு, முதுகில் நீளவாக்கில் மூன்று வரம்பு. இந்த ஊரிலிருந்து சேந்தமங்கலம் வழியாகப் போனால் நாமக்கல். அங்கே கோடிக்கணக்கான கோழிகள், அவற்றின் ரத்தத்தைச் சோதிக்கும் ஆய்வகங்கள், 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. ஆமையின் ரத்தத்தைப் படித்தறியும் கலையில் பெரும்பகுதி கோழி ரத்தத்தில் பழகியதுதான்.

ஆமை ரத்தம் என்றதும் நம் ஊரில் பலருக்கும் நினைவுக்கு வருவது வேறு ஒன்று. தூத்துக்குடிக் கடற்கரையில் கடலாமையின் ரத்தத்தைப் பச்சையாகக் குடிக்கும் பழக்கம் இருந்தது. உள்நாட்டில் மூலத்துக்கும் இளைப்புக்கும் ஆமைக்கறி கண்கண்ட மருந்து என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அதில் மருந்து எதுவும் இல்லை. ஆமையின் குடலில் சாதாரணமாகவே குடியிருக்கும் சால்மோனெல்லா கிருமி வேண்டுமானால் வந்து சேரும். ஓர் ஆமையைக் கொன்று மொத்த ரத்தத்தையும் குடித்தவருக்குக் கிடைக்காத ஒன்று, அதே ஆமையிடம் அரை மில்லிலிட்டர் எடுத்துவிட்டு அதைத் திரும்பத் தண்ணீரில் விடும் ஆய்வாளருக்குக் கிடைக்கிறது. அதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

எடுப்பதே ஒரு வித்தை. மாட்டுக்கு நரம்பு தெரியும், கோழிக்கு இறக்கையை விரித்தால் தோலுக்கடியில் நீலமாக ஓடும். ஆமை தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரிவது ஓடு மட்டுமே. ஆகவே மேலோட்டின் முன்விளிம்பும் கழுத்துத் தோலும் சேரும் இடத்தில், நடுக்கோட்டில், ஊசியை மேல்நோக்கிச் சாய்த்து உள்ளே செலுத்துகிறார்கள். ஓட்டின் அடிப்பக்கத்தை ஒட்டி அங்கே ஒரு ரத்தக்குழாய்த் தொகுதி இருக்கிறது. தலை வெளியே இருந்தாலும் உள்ளே இருந்தாலும் இந்த இடம் கைகொடுக்கும். கழுத்தை நீட்டிப் பிடிக்க முடிந்தால் கழுத்தின் பக்கவாட்டுச் சிரையே சிறந்தது. பாலாமையிடம் அதற்குத் தனி எச்சரிக்கை வேண்டும். அதன் கழுத்து நீளம், திரும்பிக் கடித்துவிடும். வாலின் மேற்புறச் சிரையிலும் எடுக்கலாம். ஆனால் ஆமையின் உடலில் ரத்தக்குழாய்களை ஒட்டியே நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. ஊசிமுனை ஒரு முடி அளவு விலகினால் குழலுக்குள் வருவது நிணநீர் கலந்த வெளிறிய ரத்தம். அதை அப்படியே சோதித்தால் நன்றாக இருக்கும் ஆமைக்கும் ரத்தசோகை என்று முடிவு வரும். கைதேர்ந்தவர் நிறம் வெளுப்பதைக் கண்டதும் அந்த மாதிரியைத் தள்ளிவிட்டு வேறு இடம் பார்ப்பார்.

எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. ஆமையின் உடல் எடையில் 5 முதல் 8 சதவீதம் ரத்தம். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தொடக்கூடாது. ஒரு கிலோ ஆமைக்கு 5 மில்லிலிட்டர் வரை தாங்கும். பெரும்பாலான சோதனைகளுக்கு ஒன்றே போதும்.

கோழி ரத்தம் சோதிப்பவர்கள் வழக்கமாக எடுக்கும் ஊதாமூடிக் குழல் இங்கே உதவாது. அதில் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் ஈடிடிஏ என்ற பொருள் ஆமைகளின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பச்சைமூடி போட்ட ஹெப்பாரின் குழல்தான் வேண்டும். ஹெப்பாரினும் சாயத்தில் நீலப்பூச்சு ஏற்றிவிடும் என்பதால், ஊசியிலிருந்து நேராக ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, அந்த இடத்திலேயே இழுத்துப் பரப்பிக் காயவைத்துவிடுவார்கள். மீதியை ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு.

இனி நுண்நோக்கி. நம் ரத்தத்தை மட்டும் பார்த்துப் பழகிய கண் முதலில் திகைத்துப்போகும். மனிதச் சிவப்பணு வட்டமாக, நடுவில் குழிந்து, உட்கரு இல்லாமல் இருக்கும். எலும்பு மஜ்ஜையில் முதிரும்போது உட்கருவை வெளியே தள்ளிவிடுவது பாலூட்டிகளின் வழக்கம். ஆமையின் சிவப்பணு நீள்வட்டமாக, நம்முடையதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நீளமாக, நட்டநடுவில் கரும்ஊதா உட்கருவோடு கிடக்கும். கோழியின் அணுவும் இதே அச்சு. ஆயுளில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்: கோழியின் சிவப்பணு ஏறத்தாழ ஒரு மாதம் வாழ்கிறது, நம்முடையது 120 நாள். அமெரிக்கப் பெட்டி ஆமையில் அளந்தபோது 600 முதல் 800 நாள் வந்தது. இன்று எடுக்கும் சொட்டில் ஓடும் அணுக்களில் சில, முந்தின ஆண்டுக்கும் முந்தின மழையில் பிறந்தவையாக இருக்கலாம்.

உட்கரு இருப்பதால் ஒரு சிக்கலும் வருகிறது. மருத்துவமனைகளில் ரத்த அணுக்களை நொடியில் எண்ணித்தரும் இயந்திரம், உட்கரு உள்ளதெல்லாம் வெள்ளையணு என்ற கணக்கில் ஓடுவது. ஆமை ரத்தத்தைக் கொடுத்தால் அது குழம்பிப்போகும். கையால்தான் எண்ண வேண்டும். 1952இல் நாட், ஹெரிக் என்ற இரு ஆய்வாளர்கள் கோழிகளுக்கென்றே ஒரு சாயக்கரைசலை உருவாக்கினார்கள். அதில் ரத்தத்தைக் கரைத்தால் சிவப்பணு, வெள்ளையணு இரண்டும் வேறுவேறு சாயல் பெறும். கட்டம் போட்ட கண்ணாடியில் ஒரே பார்வையில் பிரித்து எண்ணலாம். கோழிப்பண்ணைக்காகப் பிறந்த அந்தக் கரைசலில்தான் இன்று உலகமெங்கும் ஆமை ரத்தம் எண்ணப்படுகிறது.

அதோடு நிற்கவில்லை. நம் உடலில் கிருமியை முதலில் எதிர்க்கும் நியூட்ரோபில் அணுவின் வேலையை ஆமையிலும் கோழியிலும் ஹெட்டரோபில் செய்கிறது. சாயம் ஏற்றிப் பார்த்தால் செங்கல் நிறத்தில் ஊசி ஊசியான துகள்கள் நிறைந்திருக்கும். ஒருமுறை பார்த்தவருக்கு மறக்காது. கோழிகளை நெரிசலிலும் வெயிலிலும் வைத்தால் ஹெட்டரோபில் ஏறி லிம்போசைட் என்ற இன்னொரு வெள்ளையணு இறங்குகிறது, இரண்டின் விகிதமே கோழி படும் அவதியின் அளவு என்று 1983இல் கிராஸ், சீகல் இருவரும் காட்டினார்கள். இதே விகிதத்தைத்தான் பிற்பாடு ஆமைகளிலும் பார்க்கிறார்கள். கடத்தல்காரர்கள் சாக்கில் கட்டி வைத்திருந்த ஆமை, வற்றிய குட்டையில் நெருக்கியடித்துக் கிடந்த ஆமை, மீட்கப்பட்டு ஒரு மாதம் நல்ல தண்ணீரில் இருந்த ஆமை — எது எந்த நிலையில் இருக்கிறது என்று ஆமையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நோயை அது கடைசிவரை காட்டிக்கொள்ளாது. தகடு சொல்லிவிடும்.

முட்டைக்காரக் கோழிக்கும் ஆமைக்கும் இன்னொரு பொருத்தம் உண்டு. முட்டையிடும் கோழியின் ரத்தத்தில் கால்சியம் இரண்டு மூன்று மடங்காகிறது. கல்லீரல் மஞ்சள்கருவுக்கான புரதத்தைச் செய்து ரத்தத்தில் அனுப்ப, கால்சியம் அதோடு ஒட்டிக்கொண்டு போகிறது. பெண் ஆமை கருத்தரிக்கும் பருவத்திலும் இதே ஏற்றம் தெரியும். ஆண் ஆமையிடம் இந்தப் புரதம் இருக்கவே கூடாது. இருந்தால், அது வாழும் தண்ணீரில் பெண் ஹார்மோனைப் போல நடிக்கும் ஏதோ ஒரு ரசாயனம் கலந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஓர் ஏரியைப் பற்றி இவ்வளவு நேரடியாகப் பேசும் சாட்சி வேறு கிடைப்பது அரிது. மீன் சீக்கிரம் செத்துவிடும், கொக்கு பறந்துவிடும். ஆமை பல ஆண்டுகள் அதே தண்ணீரில் கிடக்கும்.

ஆமை ரத்தத்தின் உச்சபட்ச அதிசயத்தை வட அமெரிக்காவின் வண்ண ஆமை காட்டியது. குளத்தின் மேல் பனிக்கட்டி மூடிவிட்டால் அதற்கு மூச்சுவிட வழியில்லை. 3 டிகிரிக்குக் குளிர்ந்த, ஆக்சிஜனே இல்லாத தண்ணீரில் அது மூன்று மாதத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். டொனால்ட் ஜாக்சன், கோர்டன் அல்ட்ஷ் இருவரும் 1980களில் அந்த நிலையில் இருந்த ஆமைகளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஆக்சிஜன் இல்லாமல் உடல் ஓடினால் லாக்டிக் அமிலம் சேரும். ஓய்வில் இருக்கும் மனித ரத்தத்தில் லாக்டேட் லிட்டருக்கு 1 மில்லிமோல் அளவு, உயிரைக் கொடுத்து ஓடினால் 20ஐ ஒட்டிப் போகும். அந்த ஆமைகளில் அது 150ஐத் தாண்டியிருந்தது. கூடவே கால்சியமும் மக்னீசியமும் தாறுமாறாக ஏறியிருந்தன. இந்த எண்களைச் சேர்த்துப் படித்ததில்தான் ரகசியம் அவிழ்ந்தது. ஓட்டிலிருந்து கார்பனேட் கரைந்து வந்து ரத்தத்தின் அமிலத்தை முறிக்கிறது. லாக்டேட்டில் கணிசமான பங்கு ஓட்டுக்குள்ளேயே போய்த் தங்கிவிடுகிறது. பகைவரிடமிருந்து காக்கும் கவசம் என்று நாம் நினைத்த ஓடு, புளிக்கும் ரத்தத்தைச் சரிசெய்யும் சுண்ணாம்புக் கிடங்காகவும் வேலை செய்கிறது.

நம் பாலாமைக்குப் பனி இல்லை, கோடை இருக்கிறது. ஏரி வற்றினால் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். நீர் குறையக் குறைய ரத்தம் கெட்டிப்படும். அணுக்களின் பங்கு, புரதம், யூரியா, உப்பு எல்லாம் ஏறும். ஆகவே சித்திரையில் எடுத்த எண்ணையும் கார்த்திகையில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது பிழை. மாதம், தண்ணீரின் வெப்பம், ஆணா பெண்ணா என்பவை எழுதப்படாத ரத்த அறிக்கைக்கு ஆமை விஷயத்தில் மதிப்பே இல்லை.

நுண்நோக்கியில் சில சமயம் அழைக்காத விருந்தாளியும் தெரியும். சிவப்பணுவுக்குள் வளைந்த உடலோடு, உட்கருவை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் படுத்திருக்கும் ஹீமோகிரெகரைன் என்ற ஒட்டுண்ணி. பிளேக் நோயை எலித்தெள்ளு பரப்புகிறது என்று 1898இல் கராச்சியில் கண்டறிந்த பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோந், அதே இந்தியப் பயணத்தில் பார்த்த ஊர்வனவற்றின் ரத்த ஒட்டுண்ணிகளையும் 1901இல் விவரித்திருக்கிறார். பாலாமையினுடையதும் அதில் உண்டு. இவற்றை ஆமைக்கு ஆமை கொண்டுபோவது அட்டை. ஆமையின் தொடையிடுக்கிலும் கழுத்து மடிப்பிலும் ஒட்டியிருக்கும் அட்டைகளை ரத்தம் எடுப்பவர் தனியே எண்ணிக் குறித்துக்கொள்வதற்குக் காரணம் அதுதான்.

ஆமைக் குஞ்சுகளில் ஆணையும் பெண்ணையும் வெளிப்பார்வையில் பிரிக்க முடியாது. பல ஆமை இனங்களில் முட்டை கிடந்த மண்ணின் வெப்பமே அதைத் தீர்மானிக்கிறது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்த்து இளம் பேராமைகளின் பாலினத்தைச் சொல்லலாம் என்று 1978இல் டேவிட் ஓவன்ஸும் அவரது குழுவினரும் நிறுவினார்கள். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் இதைப் பயன்படுத்தி 2018இல் வந்த முடிவு உலகையே உலுக்கியது: வெப்பமான வடக்குக் கரைகளில் பிறந்த இளம் பேராமைகளில் 99 சதவீதத்துக்கும் மேல் பெண்கள்.

சிவப்பணுவிலேயே உட்கரு இருப்பதன் பெரிய லாபம் மரபணு ஆய்வில்தான். மனித ரத்தத்தில் டிஎன்ஏ வேண்டுமென்றால் வெள்ளையணுக்களை நம்ப வேண்டும். ஒரு மைக்ரோலிட்டரில் 4,000 முதல் 11,000 வரைதான் இருக்கும். ஆமையில் அதே துளியில் உட்கருவோடு சில லட்சம் சிவப்பணுக்கள். ஒரு சொட்டே தாராளம். ஆசியப் பாலாமைகளின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை ஒப்பிட்டு 2011இல் பிராஷாக் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, இலங்கைப் பாலாமை இந்தியப் பாலாமையிலிருந்து தனித்து நிற்கிறது என்று காட்டியது. பாக் நீரிணையின் இரண்டு கரையிலும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் ஆமை, இன்று இரண்டு இனமாக எழுதப்படுகிறது.

இதன் பயன் வனத்துறையின் சோதனைச் சாவடியில் தெரியும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது பாலாமை. பிடிப்பது, விற்பது, வீட்டில் வளர்ப்பது எல்லாம் குற்றம்; ஆய்வுக்காக ஓர் ஊசி குத்துவதற்குக்கூட அனுமதி வாங்க வேண்டும். சாக்கில் பிடிபட்ட ஆமை எந்த இனம் என்பதை, அது கறியாக வெட்டப்பட்டிருந்தாலும், ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமான சிசிஎம்பியின் லாகோன்ஸ் ஆய்வகத்தில் லால்ஜி சிங், எஸ்.கே. வர்மா உருவாக்கிய டிஎன்ஏ முறையில் உறுதிசெய்யலாம். உயிரோடு கிடைத்த ஆமைக்கு அதற்குப் பின்னும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: எந்தத் தண்ணீரில் திருப்பி விடுவது? கண்ணில் பட்ட ஏரியில் கொட்டிவிட்டால் வேறு மரபுக்கிளை கலந்துபோகலாம், உள்ளூர் ஆமைகளுக்குப் புதிய நோய் போகலாம். விடுவதற்கு முன் தகட்டையும் டிஎன்ஏவையும் பார்த்தால் இரண்டுக்கும் விடை கிடைக்கும். அந்தத் தகட்டைப் படிக்கப் பழகிய கண்கள் காளப்பநாயக்கன்பட்டிக்குப் பக்கத்தில், நாமக்கல்லின் கோழி ஆய்வகங்களில் ஏற்கெனவே இருக்கின்றன.