'இடிச்சாலும் பரவாயில்லை' கார் வேண்டாம்!



போன ஆவணியில் என் மகளுக்கு 18 வயது முடிந்தது. மறுவாரமே எல்.எல்.ஆர். போட்டுவிட்டாள். அவளுக்கு ஆசை, எங்களுக்கு அவசியம். சர்க்கரையினால் என்னவருக்கு ஒரு கண் மங்கிவிட்டது. ராத்திரியில் வண்டியே ஓட்டக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாமியாருக்கோ வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். முடித்து வெளியே வர ராத்திரி ஒன்பது ஆகிவிடும். அந்த நேரத்தில் ஆட்டோவில் ஏற்றி இறக்குவதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வரும். அதனால் ஒரு கார் வாங்குவது, மகள் ஓட்டுவது என்று முடிவாயிற்று.

முதல் கார் என்றதும் ஆளுக்கு ஒரு யோசனை. ஆனால் எல்லார் வாயிலும் வந்த ஒரே வார்த்தை, "கத்துக்கிறவரைக்கும் பழசா ஒண்ணு வாங்கிக் குடுங்க. இடிச்சாலும் பரவாயில்லை. கை பழகினப்புறம் நல்லதா வாங்கிக்கலாம்" என்பதுதான். என்னவருக்கும் அது சரியாகப் பட்டது. 2009-ம் வருஷத்து வண்டி ஒன்றை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குப் பேசிவிட்டு வந்தார். பணம் மிச்சம் என்று நானும் உள்ளூர சந்தோஷப்பட்டேன் என்பதை மறைப்பானேன்!

விஷயம் கேள்விப்பட்டு என் நாத்தனார் அன்று சாயங்காலமே வந்து நின்றாள். அவள் மகன் 2021-ல் இப்படித்தான், பழகுவதற்கென்று வாங்கிய பழைய காரில் போகும்போது, விளக்கில்லாமல் நின்ற டிராக்டர் டிரெய்லரில் மோதினான். பெல்ட் போட்டிருந்ததால் உயிர் தப்பியது. ஆனால் ஏர்பேக் இல்லாத வண்டி. முகம் ஸ்டியரிங்கில் அடித்து, தாடையில் பிளேட் வைத்து, இன்றைக்கும் முறுக்கு கடிக்க முடியாது அவனுக்கு.

"இடிச்சாலும் பரவாயில்லைன்னுதான் நாங்களும் வாங்கினோம் அண்ணே. பம்பர் போனா மாத்திக்கலாம். புள்ள தாடையை எங்க போய் மாத்தறது?" என்று அவள் கேட்டபோது என்னவர் தலை நிமிரவில்லை. அட்வான்ஸாகக் கொடுத்த ஐயாயிரம் போனது போனதுதான்.

யோசித்துப் பாருங்கள். வீட்டிலேயே ரோட்டு அனுபவம் குறைந்தவள் அவள். அவளுக்கு வீட்டிலேயே பாதுகாப்பு குறைந்த வண்டியா?

எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் பாயிடம் போனேன். "அக்கா, எந்த கம்பெனின்னு அப்புறம் பாக்கலாம். மொதல்ல எந்த வருஷத்து வண்டின்னு பாருங்க" என்றார். திடீர் பிரேக்கில் சக்கரம் இறுகிப் போய் வண்டி வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். என்பது எல்லாப் புதுக் காருக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில். டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயமானது அதே வருஷம் ஜூலையில். பக்கத்து சீட்டுக்கும் சேர்த்து எல்லா மாடலிலும் வந்தாக வேண்டும் என்று ஆனது 2022 ஜனவரி முதல். அதற்கு முந்தின வண்டி என்றால், ஒரே பெயருள்ள காரிலேயே விலை கூடிய ரகத்தில் இருக்கும், குறைந்த ரகத்தில் இருக்காது. பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஏ.பி.எஸ். பற்றி ஒரு வார்த்தை. புதிதாக ஓட்டுகிறவர்கள் பயத்தில் பிரேக்கை ஒரேயடியாக மிதிப்பார்கள். அப்போது காலுக்கடியில் தடதடவென்று அதிரும். என்னவோ உடைந்துவிட்டது என்று காலை எடுத்துவிடக்கூடாதாம். அழுத்தியபடியே ஸ்டியரிங்கைத் திருப்பி ஒதுங்க வேண்டுமாம். இதை மகளுக்குக் காலி மைதானத்தில் வைத்து பாய் நாலைந்து தடவை செய்ய வைத்தார்.

பழைய கார் விற்கும் ஒரு இடத்தில் பளபளவென்று ஒரு வண்டி. மகளுக்கு ஒரே சந்தோஷம், சிவப்பு நிறம் வேறு. பாய் சாவியைத் திருப்பி, வண்டியைக் கிளப்பாமல், மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றாலும் கோளாறுதான். இதில் எரியவே இல்லை! "பல்பு போயிருக்கும் மேடம், மாத்தித் தர்றேன்" என்றார் விற்பவர். ஸ்டியரிங் நடுவில் இருந்த மூடியின் நிறம் சுற்றிலும் உள்ளதோடு ஒட்டவில்லை. "ஒரு தடவை அடிபட்டு ஏர்பேக் வெடிச்சிருக்கணும். திரும்பப் போடாம மூடி மட்டும் மாட்டி, விளக்கையும் பிடுங்கி வச்சிருக்காங்க. வாங்கக்கா போகலாம்" என்று காதோடு சொன்னார் பாய். நான் மட்டும் போயிருந்தால் சிவப்பு நிறத்தைப் பார்த்தே வாங்கியிருப்பேன்.

இன்னொரு வண்டியில் சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பார்த்தார். உள்ளே சுருண்டிருக்கும் பாகத்தில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் முழுகின கார். 2015-லும் 2023-லும் சென்னையில் எத்தனை கார் தண்ணீரில் மிதந்தது என்று நாம்தான் டி.வி.யில் பார்த்தோமே. மேலே கழுவி விடுவார்கள், பெல்ட் உள்ளே யார் கழுவுவது?

என் தம்பி தன் பெரிய ஜீப் மாதிரி வண்டியைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றான். என் மகள் நாலு அடி பதினொரு அங்குலம். கிளட்ச் முழுதாக மிதிக்க முதுகுக்கு ஒரு தலையணை, ரோடு தெரிய அடியில் ஒரு தலையணை! தலையணை நழுவினால் என்ன கதி? தம்பிக்குக் கோபம்தான், போகட்டும். யார் ஓட்டப் போகிறார்களோ அவர்களை உட்கார வைத்துப் பார்க்காமல் எந்த வண்டியையும் வாங்காதீர்கள்.

கடைசியில் ஒரு ரிடையர்டு வாத்தியாரிடம் 2020 டாடா டியாகோ கிடைத்தது. சர்வீஸ் புத்தகம் ஒரு பக்கம் விடாமல் வைத்திருந்தார், புண்ணியவான். வண்டிகளை வேகமாக மோத வைத்துப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2020 ஜனவரியில் அந்த மாடலுக்கு 4 நட்சத்திரம் கொடுத்திருந்தது. (2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டுக்கே பாரத் என்கேப் என்று தனியாக வந்துவிட்டது.) நட்சத்திரம் கேட்கும்போது, நாம் வாங்கும் வருஷத்து வண்டிக்கானதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டயர் மட்டும் பழசு. டயர் ஓரத்தில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ல் 23-வது வாரம் செய்தது. நாலையும் மாற்றினோம். விலை நாலு லட்சத்துப் பத்தாயிரம், டயருக்குத் தனியாகப் பதினெட்டாயிரம். என் இரட்டை வடச் சங்கிலி இப்போது பேங்க்கில் இருக்கிறது. இருக்கட்டும்.

ஆர்.சி. புக்கில் பெயர் மாறும்போதே இன்ஷூரன்ஸையும் மாற்றிவிட வேண்டும், 14 நாளுக்குள். பலர் இதை மறந்துவிட்டு, அடிபட்ட பிறகு அலைகிறார்கள்.

மகள் லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான் தனியாக எடுத்தாள். எதிர் வீட்டு ப்ளஸ் டூ பையன் அப்பா காரில் பறப்பதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். 2019-ல் திருத்திய சட்டப்படி, 18 வயது ஆகாத பிள்ளை ஓட்டி மாட்டினால் பெற்றவருக்கே 25 ஆயிரம் ரூபாய் அபராதம், 3 வருஷம் வரை ஜெயில். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அந்த அம்மாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டுப் போனார்.

சமயபுரத்தில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, முதல் தடவை மாமியாரை ஏற்றினோம். பின்சீட்டில் பெல்ட் வாரைக் காணோம். புதிதாகப் போட்ட சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தது! பின்னால் உட்காருபவர்களும் பெல்ட் போட வேண்டும் என்று சட்டம் இருந்தும் யார் போடுகிறோம்? கத்திரிக்கோலால் கவரை வெட்டி வெளியே எடுத்தேன். "எனக்கு எதுக்குடி இந்தக் கயிறெல்லாம்?" என்று முதல் நாள் முணுமுணுத்தார். போன வாரம் ஆஸ்பத்திரி வாசலில் அவசரமாகக் கிளம்பியபோது பின்னாலிருந்து ஒரே சத்தம். "நில்லுடி! பாட்டிக்கு இன்னும் பெல்ட் மாட்டலை!"

- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்.